மதிப்பெண்ணும் கையெழுத்தும்

ஒரு கவிதைத் தொகுப்புக்கு வாசகர்கள் இட்ட நட்சத்திரங்களின் சராசரி இரண்டரை என்று கண்டதும், அதைப் பிரிக்காமலே ஒதுக்கிவிட்டேன். வெகுநாள் கழித்துப் படித்தபோது வெட்கமாக இருந்தது. என் வாசிப்பை எனக்கு முன்பே யார் யாரோ முடித்துவைத்திருந்தார்கள்.

அப்படியானால் மதிப்பெண்ணை மறைத்துவிடலாமா? 2021 நவம்பரில் யூடியூப் அதைச் செய்தது. பிடிக்கவில்லை என்றவர்களின் எண்ணிக்கை படைத்தவருக்கு மட்டும் தெரியும்; பார்ப்பவருக்குத் தெரியாது. வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இது பழகிய நியாயம். கணக்கின் இருப்பைக் கணக்குக்காரரிடம்தான் சொல்வோம். ஆனால் அச்சேறிய கவிதை சேமிப்புக் கணக்கு அல்ல. அதைப் பற்றிய அபிப்ராயமும் பொதுவில்தான் நிற்க வேண்டும்.

க.நா.சு. பட்டியல் போட்டதற்கு எத்தனை வசவு! காரணம் சொல்லாமல் பெயர்களை அடுக்குவது விமர்சனமா என்றார்கள். 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய செல்லப்பா அலசல் முறையை வலியுறுத்தினார். ஆட்சேபம் வாஸ்தவமானதுதான். இருந்தும் அந்தப் பட்டியலுக்கடியில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரோடு சண்டை போட முடிந்தது. சராசரியோடு எப்படிச் சண்டை போடுவது? அதற்கு ரசனை கிடையாது. அது எதையும் படித்ததில்லை.

மதிப்பீடு பகிரங்கமாகவே இருக்கட்டும். மதிப்பிட்டவனும் காரணத்தோடு பகிரங்கமாக நிற்கட்டும். நான் ஒதுக்கிய அந்தத் தொகுப்பைப் பற்றி இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.