பற்று வரவு

மளிகைக் கடை நோட்டில் பற்று என்றால் வாங்கிப் போனது, இன்னும் அடைக்காதது. துறவைப் பேசுகிறவர்கள் மனம் ஒரு பொருளில் ஒட்டிக்கொள்வதற்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டும் தற்செயலாக ஒரே சொல்லில் வந்து ஒதுங்கியவை அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்றைய தேவைக்கு மேல் ஒன்றைக் கையில் வைத்திருப்பது தவறா என்ற பழைய கேள்விக்கு, வைத்திருப்பதை எடை போட்டுப் பதில் சொல்ல முடியாது. அது எவ்வளவு எளிதாகத் திரும்பிப் போகும் என்று பார்க்க வேண்டும். சமணத்தின் அபரிக்கிரக விரதம் இதை அறிந்தே இரண்டு படியாக நிற்கிறது. துறவிக்கு உடைமையே கூடாது. இல்லறத்தாருக்கோ உடைமைக்கு ஓர் அளவு, அந்த அளவையும் அவரே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கேள்விக்குச் சான்று தேட நான் போகும் இடம் சற்று விநோதமானது: கணினி இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல். அங்கே நினைவகம் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிந்து கிடக்கிறது. கேட்பவர்களுக்கோ இருநூறு பைட், ஐம்பது பைட் என்று சில்லறையாகத்தான் தேவை. ஒவ்வொரு முறையும் பொதுக் கிடங்குக்குப் போனால் அதன் பூட்டுக்காக மற்றச் செயலிகள் வரிசையில் நிற்கும். 1994-இல் சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் அந்நிறுவனத்தின் சொலாரிஸ் இயங்குதளத்துக்கு ஒரு வழி சொன்னார்: விட்டுவிட்ட பொருளைக் கலைக்காமல் அடுத்தவருக்காக அப்படியே எடுத்து வை. லினக்ஸ் இதை ஸ்லாப் என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. செயலிக்கு ஒரு வரிசை, நினைவக முனைக்கு ஒரு வரிசை என்று கையிருப்புகள் பெருகின. 2007-இல் லினக்ஸ் நிரலாளர் கிறிஸ்டோஃப் லாமீட்டர் வைத்த குற்றச்சாட்டு நினைவில் வைக்கத்தக்கது. ஆயிரம் செயலிகள் கொண்ட கணினிகளில், பொருள்களுக்கு அல்ல, அவை எங்கே இருக்கின்றன என்று குறித்துவைக்க மட்டுமே பல ஜிகாபைட் முடங்கிக் கிடக்கிறது என்றார். அவர் எழுதிய ஸ்லப் அந்த வரிசைகளை வெட்டியது. சில அளவீடுகளில் வேகம் குறைந்தது என்ற முணுமுணுப்பும் கூடவே எழுந்தது. பழைய ஸ்லாப் 2024-இல் லினக்ஸின் 6.8 பதிப்போடு விடைபெற்றது. ஆனால் அடுத்த ஆண்டே, 6.18 பதிப்பில், கையிருப்பு வேறு உருவில் திரும்பி வந்தது. அதற்கு லினக்ஸ்காரர்கள் வைத்த ஆங்கிலப் பெயருக்குக் கதிர்க்கட்டு என்று பொருள், பொதுவில் சேர்த்துவைக்கும் இடத்தின் பெயருக்குக் களஞ்சியம். ஒவ்வொரு செயலியிடமும் அளவு குறித்த கட்டுகள். நிரம்பினால் களஞ்சியத்தில் போட்டு காலிக் கட்டு ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். களஞ்சியத்துக்கும் வரம்பு உண்டு. எல்லாவற்றையும் வைத்திருந்தும் பார்த்தார்கள், வெட்டியும் பார்த்தார்கள். கடைசியில் வந்து நின்ற இடம் இல்லறத்தாரின் விரதம்.

காலியாகக் கிடக்கும் நினைவகம் வீண் நினைவகம் என்று லினக்ஸ்காரர்கள் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. மறுபாதியை ஹைதராபாத்தில் பார்க்கலாம். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு நகருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. நகரின் அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின் கிளைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். வெள்ளத்துக்குப் பின் அழைக்கப்பட்ட பொறியாளர் விசுவேசுவரய்யா, ஆற்றின் மேல்பகுதியில் நீரைத் தடுத்து நிறுத்தும் தேக்கங்கள் கட்டச் சொன்னார். 1920-இல் உஸ்மான் சாகரும் 1927-இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. நகரத்தின் குடிநீரும் இவற்றிலிருந்தே வந்தது. இங்கேதான் சிக்கல். குடிநீருக்கு ஏரி நிரம்பியிருக்க வேண்டும், வெள்ளத்துக்கு அதே ஏரியில் இடம் இருக்க வேண்டும். வெற்றிடமும் ஒரு கையிருப்புதான். கெர்னலும் சில பக்கங்களை யாருக்கும் தராமல் ஒதுக்குகிறது. ஒரு நொடியும் காத்திருக்க முடியாத வேலைகள் வந்தால் அவற்றுக்கு. பயன்படாமல் கிடக்கும் அந்தப் பக்கங்களைப் பதுக்கல் என்று யாரும் சொல்வதில்லை.

பற்று என்பது மனத்தின் குற்றம், மனமே இல்லாத இயந்திரத்திடம் அதைப் பற்றி என்ன கற்க முடியும் என்று கேட்கலாம். ஆசையே இல்லாத இடத்திலும் பதுக்கல் நடக்கிறது என்பதைத்தான் கற்கிறோம். லாமீட்டர் கண்ட அந்த ஜிகாபைட்டுகளைப் பேராசைக்காரர் யாரும் சேர்க்கவில்லை. ஒவ்வொரு வரிசையும் தன்னளவில் நியாயமான கொஞ்சத்தை மட்டுமே வைத்திருந்தது. மனத்தைத் துலக்கினால் போதும், மற்றதெல்லாம் தானே சரியாகிவிடும் என்ற உபதேசத்தின் மேல் எனக்குள்ள சந்தேகம் இதனால் வலுக்கிறது. இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. அரிசி மூட்டைகளைப் பதுக்கியவரும் 'வேண்டும்போது தருவேன்' என்றுதானே சொல்வார்? சொல்வார். அதனால்தான் கெர்னலில் அந்த முடிவு வைத்திருப்பவர் கையில் விடப்படவில்லை. நினைவகம் குறைந்தால் கெர்னலே ஒவ்வொரு தற்காலிகச் சேமிப்பின் வாசலிலும் போய் நின்று சுருங்கச் சொல்கிறது. அதுவும் போதாவிட்டால் ஏதோ ஒரு நிரலைக் கொன்று அதன் இடத்தை எடுத்துக்கொள்கிறது. கடையிலும் பற்றைக் குறிக்கும் நோட்டு வாங்கியவர் வீட்டில் இருப்பதில்லை. என் வாதம் இடறும் இடமும் இதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன்: விரதம் எடுத்த இல்லறத்தார் தன் அளவைத் தானே சொல்கிறார், தானே காக்கிறார், நோட்டும் அவர் கையில். இதற்காகத்தானோ என்னவோ, அந்த விரதத்தைத் துறவி ஒருவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லி எடுப்பது வழக்கமாக இருக்கிறது.