மூன்றாவது துண்டு

திருப்பூரில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிதில் நான் கற்ற முதல் வேலை லேப் டிப். பையர் வேண்டிய நிறத்துக்கு ஒரு பான்டோன் எண்ணைத் தருவார். அதற்குச் சாயப்பட்டறை லேபில் ஒரே ஒரு துண்டை நனைத்து அனுப்பிவிட மாட்டார்கள். ஏ, பி, சி என்று மூன்று துண்டுகள். ஒன்றில் சிவப்பு சற்றுத் தூக்கல், ஒன்று கொஞ்சம் அடர்த்தி. லைட் பாக்ஸில் பகல் வெளிச்சமான டி65-இலும், கடை வெளிச்சமான டிஎல்84-இலும் வைத்துப் பார்த்த பிறகே கூரியர் கிளம்பும். ‘சி அப்ரூவ்டு’ என்று பதில் வந்தால் லேபில் யாரும் வருத்தப்படுவதில்லை.

இதையே தினமும் கையாண்ட நான், சொந்த யோசனையோடு முதலாளி அறைக்குப் போனபோது ஒரே துண்டோடுதான் போனேன்.

அப்போது டி-ஷர்ட்டில் உடம்பு ஒரு சாயல், கை ஒரு சாயலாக வந்து பீஸ்கள் கழிந்துகொண்டிருந்தன. வெவ்வேறு லாட்டில் சாயமேறிய ரோல்கள் கட்டிங் மேஜையில் கலந்துவிடுவதுதான் காரணம். எல்லா ரோலையும் சாயல்வாரியாகப் பிரித்த பிறகே வெட்ட வேண்டும், அதற்குத் தனி ஆளும் தனி மேஜையும் வேண்டும் என்றேன்.

“ஒரு நாள் தள்ளிப்போனா ஷிப்மெண்ட்டுக்கு யாருங்க பதில் சொல்றது?”

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. பேச்சு அங்கேயே முடிந்தது.

மாற்றுத் திட்டம் என்று முதலில் நான் எழுதியது பாதி ஆள், பாதி ரோல். அது வெறும் பேரம். பி என்பது ஏ-வின் மலிவுப் பதிப்பு அல்லவே; மூன்று துண்டும் ஒரே எண்ணைத்தானே குறிவைக்கின்றன! ஆகவே வழியை மறந்துவிட்டு, வேண்டியதை மட்டும் எழுதினேன்: ஓர் உடுப்பின் எல்லாப் பாகமும் ஒரே சாயலில் இருக்க வேண்டும். அதற்கு நேரம் எங்கே கிடைக்கும் என்று தேடிக் கட்டிங் பகுதிக்கு இறங்கினேன். பின்னல் துணியை வெட்டும் முன் ரோலைப் பிரித்து, இழுவை தளரும்வரை கிடத்திப்போடுவார்கள். பெரும்பாலும் ஓர் இரவு. அந்த நேரத்தில் ஒவ்வொரு ரோலிலும் ஒரு கீற்று வெட்டி, வரிசையாகத் தைத்துப் பார்த்தால் போதும். கூடுதலாக ஒரு நாள் தேவையில்லை. ‘முடியாது’ என்ற சொல்லுக்குத் தயாராகாமல் இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

மறுபடி போனபோதும் முதல் யோசனையைத்தான் முதலில் சொன்னேன். அதில் எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. லேப் டிப் போல எல்லா யோசனைகளையும் ஒன்றாகப் பரப்பினால், முதலாளி அறையில் செலவு குறைந்ததை நோக்கியே கை நீளும். அதே கேள்வி வந்தது. தைத்து வைத்திருந்த கீற்றுகளை அப்போது எடுத்து நீட்டினேன். ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“கருநீலத்துல மட்டும் மொதல்ல பண்ணிப் பாருங்க.”

என் இரண்டு திட்டத்திலும் இல்லாத மூன்றாவது அது. சரிங்க என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து, கத்தரிக்கோலோடு கருநீல ரோல் ஒன்றின் நுனியைத் தேடினேன்.