ஐந்தாம் இரவின் பேச்சு



பாலி நூல்களில் இரண்டு துறவியர் குழுக்களைப் பற்றிய செய்தி இருக்கிறது. இரு குழுவினரும் அன்றாடம் நடந்துகொண்ட முறை ஏறக்குறைய ஒரே சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது. பிச்சை ஏற்று முதலில் திரும்புகிறவர் இருக்கைகளை விரித்து, குடிநீரும் கால் கழுவ நீரும் எடுத்து வைப்பார். கடைசியாக வருகிறவர் இடத்தைக் கூட்டி, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைப்பார். தண்ணீர்க் குடம் காலியாக இருப்பதை யார் பார்த்தாலும் நிரப்புவார். தனியே தூக்க முடியாவிட்டால் கையசைத்து இன்னொருவரை அழைப்பார். அதற்காக வாய் திறக்கமாட்டார். இவ்வளவு ஒத்திருந்தும், ஒரு குழுவைப் புத்தர் மனமாரப் பாராட்டினார். மற்றொரு குழுவை, ஆட்டு மந்தைபோல வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று கடிந்துகொண்டார். விழிப்புணர்வுத் தியானத்தைத் தனியே செய்வதா, கூடிச் செய்வதா என்று பலரும் கேட்கிறார்கள். இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் படித்தால் விடை கிடைக்கும் என்று நான் நம்புகிறேன்.

பாராட்டுப் பெற்றவர்கள் அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்ற மூவர். நாதிகைக்கு அருகே கோசிங்கம் என்ற சாலமரக் காட்டில் தங்கியிருந்தார்கள். ஒரு மாலை புத்தர் அவர்களைப் பார்க்கப் போகிறார். வனக்காவலருக்கு வந்தவர் யாரென்று தெரியவில்லை. உள்ளே மூவர் தவத்தில் இருக்கிறார்கள், தொந்தரவு செய்யவேண்டாம் என்று வாசலிலேயே தடுக்கிறார். தனிமையை அந்த அளவுக்குக் காத்த இடம் அது. பேச்சுச் சத்தம் கேட்டு அனுருத்தர் சொன்ன பிறகுதான் வழி கிடைக்கிறது. உள்ளே போன புத்தர், எடுத்த எடுப்பில் தியானத்தின் உயர்நிலைகளைப் பற்றிக் கேட்கவில்லை. உடம்பு நலமா, பிச்சை கிடைக்கிறதா, ஒற்றுமையாக இருக்கிறீர்களா என்று விசாரிக்கிறார். பாலும் நீரும் கலந்தாற்போல இருக்கிறோம் என்கிறார் அனுருத்தர். இப்படிப்பட்டவர்களோடு வாழக் கிடைத்தது என் பேறு என்று தினமும் எண்ணிக்கொள்வதாகவும், தம் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு மற்ற இருவரின் விருப்பப்படி நடப்பதாகவும் சொல்கிறார். மற்ற இருவரும் அதையே சொல்கிறார்கள். கையசைவையும் தண்ணீர்க் குடத்தையும் பற்றிச் சொல்லிவிட்டு, கடைசியில் அனுருத்தர் இன்னொன்றும் சொல்கிறார்: ஐந்து நாளைக்கு ஒருமுறை மூவரும் சேர்ந்து உட்கார்ந்து விடிய விடிய அறம் பேசுவார்களாம்.

கண்டிக்கப்பட்டவர்கள் கோசல நாட்டில் மழைக்காலத் தங்கலை முடித்துவிட்டுச் சாவத்திக்கு வந்தவர்கள். மூன்று மாதத்தைச் சண்டை சச்சரவில்லாமல் கழிப்பது எப்படி என்று யோசித்து, யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் எண்ணம் கெட்ட எண்ணமில்லை. வாயைத் திறந்தால் வம்பு வரும் என்ற பயம் யாருக்கும் புரியக்கூடியதுதான். ஆனால் அவர்களிடம் ஐந்தாம் இரவு இல்லை. மனத்தில் எழுந்ததைச் சொல்ல ஒரு வேளையும் இல்லை, கேட்க ஒரு காதும் இல்லை. ஒரே கூரையின் கீழ், ஒருவர் தவறை இன்னொருவர் பார்த்துக்கொண்டே, வாய் மூடிக் கிடந்தார்கள். புத்தர் அந்த ஊமை விரதத்தைத் தடைசெய்தார். அதோடு நிற்காமல், பவாரணை என்ற வழக்கத்தை ஏற்படுத்தினார். மழைக்காலம் முடிகிற நாளில் ஒவ்வொரு துறவியும் சபையின் முன் கைகூப்பி, தம்மிடம் மற்றவர்கள் கண்ட குறை, கேட்ட குறை, ஐயுற்ற குறை எதுவானாலும் எடுத்துச் சொல்லும்படி வேண்டிக்கொள்ளவேண்டும்.

குறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு தியானத்துக்கு ஏன் அவ்வளவு இன்றியமையாதது? விழிப்புணர்வு என்று நாம் இன்று சொல்வதற்குப் பாலியில் சதி என்று பெயர். வடமொழியின் ஸ்மிருதி, அதாவது நினைவு, என்ற சொல்லின் பாலி வடிவம் அது. தமிழில் எண்வழிப் பாதையை எழுதியவர்கள் அதன் ஏழாம் உறுப்பை நற்கடைப்பிடி என்று பெயர்த்தார்கள். கடைப்பிடி என்ற சொல்லுக்கு மறவாமை என்றே ஒரு பொருள் உண்டு. உடல், நுகர்ச்சி, மனம், மனத்தில் தோன்றும் பொருள்கள் என்று சதிபட்டானப் பேருரை வகுக்கும் நான்கையும் மறவாமல் பார்த்திருப்பதே இந்தப் பயிற்சி. பார்ப்பவர் ஒருவரே. என் மூச்சை நீங்கள் கவனிக்க முடியாது. உங்கள் முழங்கால் வலி எழுவதையும் அடங்குவதையும் நான் பார்க்க முடியாது. இந்த அளவில் தியானம் முழுக்க முழுக்கத் தனியாள் வேலை. ஆயிரம் பேர் நிறைந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். ஆனால் மறவாமைக்குப் பகை மறதி. மறதியின் இயல்பு என்னவென்றால், மறந்தவருக்கு மறந்தது தெரியாது. மனம் அலைந்து திரும்பிய பிறகு அலைந்ததை உணர்கிறோமே, அது சிறிய மறதி. பெரிய மறதி மாதக் கணக்கில் நீளும். மந்தமாகச் சாய்ந்துகிடப்பதை அமைதி என்று நினைத்துக்கொள்கிறோம். கோபத்தை அமுக்கி வைத்துவிட்டுச் சமநிலை வந்துவிட்டது என்று மகிழ்கிறோம். உட்கார்ந்த நாள்களை எண்ணி உள்ளூரப் பெருமைப்படுகிறோம். எந்த மனம் ஏமாறுகிறதோ அதே மனத்தைச் சாட்சிக்கு அழைத்தால் அது என்ன சொல்லும்? வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். கூட்டுப் பயிற்சிக்கு நான் சொல்லும் நியாயம் இது ஒன்றுதான். கூடி உட்கார்ந்தால் உற்சாகம் வரும், நேரம் தவறாது என்பதெல்லாம் உண்மையே. அவை உபரி இலாபம்.

மேகியர் என்ற துறவியின் செய்தி இதற்குச் சான்று. புத்தருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த அவர், கிமிகாலை ஆற்றங்கரையில் ஓர் அழகான மாந்தோப்பைக் கண்டு, அங்கே தனியே போய்த் தவம் செய்ய அனுமதி கேட்டார். இப்போது நாம் இருவர்தான் இருக்கிறோம், இன்னொருவர் வரும்வரை பொறுத்திரு என்றார் புத்தர். மேகியர் மூன்று முறை கேட்டுவிட்டுப் போனார். தோப்பு அமைதியாகத்தான் இருந்தது. ஆசையும் வெறுப்பும் பிறரைத் துன்புறுத்தும் எண்ணமும் அவரைச் சூழ்ந்துகொண்டன. திகைத்துப்போய்த் திரும்பி வந்தவரிடம், பக்குவப்படாத மனம் பக்குவமடைய ஐந்து துணைகள் உண்டு என்றார் புத்தர். நல்லொழுக்கமும் முயற்சியும் அறிவும் அந்த ஐந்தில் இருக்கின்றன. முதலில் நிற்பது நல்ல நண்பர். புத்தரின் சீடர் ஆனந்தர் ஒருமுறை நல்ல நட்பு இந்த வாழ்க்கையில் பாதி என்று சொன்னபோது, அப்படிச் சொல்லாதே, முழுவதுமே அதுதான் என்று புத்தர் திருத்தியதும் பலர் அறிந்த செய்தி.

புத்தர் போதி மரத்தடியில் தனியாகத்தானே உட்கார்ந்தார், காண்டாமிருகத்தின் கொம்பைப்போலத் தனியே திரியச் சொல்லும் பாட்டும் சுத்தநிபாதத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போதி மரத்தடிக்கு வருமுன் அவர் ஆளார காலாமரிடமும் உத்தக ராமபுத்தரிடமும் பயின்றவர் என்பதை மறக்கவேண்டாம். காண்டாமிருகப் பாட்டும், அறிவுள்ள நல்ல துணை கிடைத்தால் அவரோடு செல், கிடைக்காவிட்டால் தனியே செல் என்றுதான் வழி சொல்கிறது. அதைவிட ஆழமான விடை மிகஜாலர் என்ற துறவிக்குச் சொல்லப்பட்டது. தனியே வாழ்பவர் யார் என்று அவர் கேட்டார். வேட்கை என்ற துணையோடு இருப்பவர் அடர்ந்த காட்டில் இருந்தாலும் இன்னொருவரோடு வாழ்பவர்தான். அந்த வேட்கையை விட்டவர் அரசர்களும் அமைச்சர்களும் நிறைந்த ஊரின் நடுவே இருந்தாலும் தனியே வாழ்பவர்தான் என்பது புத்தரின் விளக்கம். கதவைச் சாத்தினால் தனிமை வந்துவிடாது. சாத்திய அறைக்குள் நாம் யாரோடெல்லாம் மனத்துக்குள் வழக்காடிக்கொண்டிருக்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப்பாருங்கள்.

இதைவிடக் கடினமான கேள்வி கூட்டத்தைப் பற்றியது. நாலு பேர் சேர்ந்தால் மூத்தவர் இளையவர் என்ற போட்டி வரும். பக்கத்தில் இருப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று நாமும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவோம். கடைசியில் குழுத் தலைவரைப் போற்றுவதே பயிற்சியாகிவிடும். இவையெல்லாம் நடப்பவைதாம். புத்தர் வாழ்ந்த காலத்திலேயே கோசம்பி நகரில் துறவியரிடையே பெரும் சண்டை மூண்டது. கழிப்பறைப் பாத்திரத்தில் ஒருவர் மிச்சத் தண்ணீரை விட்டுவிட்டு வந்தார் என்பதிலிருந்து அந்தச் சண்டை கிளம்பியதாக அட்டகதைகள் என்ற உரைநூல்கள் சொல்கின்றன. கோசிங்கக் காட்டில் மூவரைப் பிணைத்ததும் தண்ணீர்ப் பாத்திரம்தான். கோசம்பியில் சங்கத்தைப் பிளந்ததும் அதுவே. புத்தர் சமாதானம் சொல்லிப் பார்த்து, கேட்காததால் அவர்களை விட்டுப் புறப்பட்டுவிட்டார். ஆகவே எந்தக் கூட்டமானாலும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. விட்டு விலகவேண்டிய கூட்டமும் உண்டு. ஆனால் விலகிய புத்தர் போன வழியில் யாரைப் பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். அதே அனுருத்தரையும் தோழர்களையும்தான். அப்போது அவர்கள் வேறொரு காட்டில் இருந்தார்கள். தியானத்தில் ஒளி தோன்றுகிறது, உருவங்கள் தோன்றுகின்றன, ஆனால் நிலைக்காமல் மறைந்துவிடுகின்றன, ஏனென்று தெரியவில்லை என்று தம் இடரைச் சொன்னார்கள். நானும் விழிப்புறுமுன் அப்படித்தான் தவித்தேன் என்று தொடங்கி, ஐயம், சோம்பல், அச்சம் என்று தாம் ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்த பதினொரு தடைகளைப் புத்தர் விளக்கினார். அளவு மீறிய முயற்சி, காடையை இரு கையாலும் இறுக்கிப் பிடித்துச் சாகடிப்பது போன்றது. தளர்ந்த முயற்சி, பிடி நழுவி அது பறந்துவிடுவது போன்றது. தம் பிடி இறுகியதா தளர்ந்ததா என்று பிடித்திருப்பவருக்கே பல நேரம் தெரிவதில்லை. இடரைக் கூச்சமின்றிச் சொல்லலாம், எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று மூத்தவர் ஒப்புக்கொள்வார் என்றிருந்தால் அது நல்ல கூட்டம். முன்னேறிய கதைகள் மட்டுமே பேசப்படும் இடம் எவ்வளவு பெரிய மண்டபமாக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இன்றைய அனுபவமும் இதை ஒட்டியே போகிறது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜான் கபட்-ஜின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில், வாரம் ஒருமுறை சுமார் இரண்டரை மணி நேரம் குழுவாகக் கூடுவார்கள். மற்ற நாள்களில் வீட்டில் தனியே 45 நிமிடம் பயில்வார்கள். அத்தகைய 59 குழுக்களில் பயின்ற 606 பேரின் மனநிலை மாற்றத்தை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியானது. ஆளுக்கு ஆள் பலன் வேறுபட்டதில் 7 சதவீதம், அவர்கள் எந்தக் குழுவில் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது என்று அது கணக்கிட்டது. சிறிய எண்தான், பெரும்பகுதி அவரவரையும் மற்றக் காரணங்களையும் பொறுத்தது. ஆனால் எல்லாருக்கும் ஒரே பாடம் சொல்லித்தரப்படும் ஒரு பயிற்சியில், கூட இருந்தவர்கள் யார் என்பதும் கணக்கில் ஏறுகிறது என்பது சாதாரணச் செய்தியல்ல. சத்ய நாராயண கோயங்கா 1969இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த பத்து நாள் விபசனா முகாமில் மாணவர்கள் தங்களுக்குள் பேசக்கூடாது. அப்படியானால் அது கோசலத்து ஊமை விரதம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அங்கே ஐயம் வந்தால் ஆசிரியரிடம் தேவைப்படும்போது கேட்கலாம். பத்தாம் நாள் மௌனம் கலைந்து, எல்லா உயிர்க்கும் அன்பு பெருக்கும் பயிற்சி கற்றுத்தரப்பட்டு, மாணவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். பேச்சுக்கு ஒரு வாசல் வைத்துக் கட்டிய மௌனம் அது. நீண்ட மௌனத்தில் பழைய துயரங்கள் கிளம்பிச் சிலரை அலைக்கழிக்கக்கூடும் என்பதால் அந்த வாசல் அவசியம். மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் மருத்துவரையும் ஆசிரியரையும் கலக்காமல் இத்தகைய முகாமில் இறங்கக்கூடாது.

நம் தெருக்களில் கழைக்கூத்து பார்த்தவர்களுக்குப் புத்தர் சொன்ன இன்னொரு உவமை எளிதில் விளங்கும். ஒரு கழைக்கூத்தாடி மூங்கிலை நிறுத்தி, தன் சீடனைத் தோள்மேல் ஏறச்சொல்லி, நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அது சரிவராது ஐயா, நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் என்னைப் பார்த்துக்கொள்கிறேன், அப்போதுதான் இருவரும் பத்திரமாக இறங்கிக் காசு வாங்குவோம் என்றான் சீடன். சீடன் சொன்னதே முறை என்ற புத்தர், விழிப்புணர்வுப் பயிற்சியால் தன்னைக் காப்பவர் பிறரைக் காக்கிறார், பொறுமையாலும் துன்புறுத்தாமையாலும் அன்பாலும் இரக்கத்தாலும் பிறரைக் காப்பவர் தன்னைக் காக்கிறார் என்று சேர்த்தார். ஆளாளுக்குத் தம் நிலையைத் தாமே பார்க்கிறார்கள். ஆனால் ஒருவர் தோளில் ஒருவர் நின்றுகொண்டு பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் இப்படிக் கூட்டம் எதுவும் இல்லையே என்பவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். கழைக்கூத்துக்கு இரண்டு பேர் போதும். தினமும் காலையில் தனியே உட்காரும் ஒருவர், வாரத்தில் ஒருநாள் இன்னொருவரோடு ஒருமணி நேரம் மௌனமாக உட்கார்ந்து, பிறகு அந்த வாரம் எங்கே தடுக்கியது என்பதை மட்டும் உள்ளபடி சொல்லிக்கொள்ளட்டும். கேட்பவர் பரிகாரம் சொல்ல அவசரப்படாமல் முழுதும் கேட்கட்டும்.

தொடக்கநிலைக்காரருக்கு இது சரி, பக்குவப்பட்டவருக்கு எதற்கு என்று ஒருவர் நினைக்கலாம். சாவத்தியில் மிகாரமாதாவின் மாளிகையில் ஒரு பவாரணை நாள். பௌர்ணமி இரவு. ஐந்நூறு துறவியர் அமர்ந்திருக்கிறார்கள். எல்லாரும் செய்யவேண்டியதைச் செய்துமுடித்த அருகதர் என்கிறது நூல். அமைதியாக இருந்த அந்தச் சபையைப் பார்த்து முதலில் பேசியவர் புத்தர். தம் செயலிலோ சொல்லிலோ குறை ஏதும் கண்டீர்களா என்று அவர்களிடம் கேட்டார். அவர்களுள் ஒருவரான சாரிபுத்தர் எழுந்து, மேலாடையை ஒரு தோளில் சரிசெய்துகொண்டு, ஒன்றும் காணவில்லை என்றார். சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை. என்னிடம் ஏதாவது உண்டா என்று கைகூப்பிக் கேட்டார்.