அருமையும் பயனும்

தமிழில் 'அருமை' என்னும் சொல் இருபொருள் தருவது. எளிதிற் கிடைக்காமை ஒரு பொருள். மேன்மை மற்றொரு பொருள். அரிதாகக் கிடைப்பது மேன்மையுடையதாகவும் இருக்கும் என்னும் நம்பிக்கை இச்சொல்லுக்குள்ளேயே குடிகொண்டிருக்கிறது. ஆயினும் அந்நம்பிக்கை எப்போதும் மெய்யாகுமா? ஒரு பொருள் சிலரிடம் மட்டுமே இருப்பதால் அதன் மதிப்பு உயர்கிறதா, பலருக்குப் பயன்படுவதால் உயர்கிறதா? இவ்வினா ஏட்டில் மட்டும் எழுவதன்று. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், திரிங்காப் என்னும் சிற்றூரின் சாலையோரத்திலும் எழுகிறது.

மலையும் ஊர்தியும்

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா நோக்கிச் செல்லும் மலைச்சாலையில் இருப்பது திரிங்காப். சுற்றுவட்டாரத்தின் சரிவுகளில் ஒருபால் தேயிலை. மற்றொருபால் முட்டைக்கோசும் தக்காளியும் விளையும் தோட்டங்கள். 1929-இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, இம்மலையின் காடு திருத்திச் செடி நட்ட கைகளுள் தமிழர் கைகள் பல. அக்கைகள் பறித்ததையும் விளைத்ததையும் செங்குத்தான மண்பாதைகளில் சுமந்து வந்தவை லேண்ட் ரோவர் ஊர்திகள். வண்ணம் மங்கி, கதவு நெளிந்து, காய்கறிக் கூடைகளைத் தாங்கிச் செல்லும் அவ்வூர்திகள் இன்றும் இம்மலையின் அடையாளமாக விளங்குகின்றன.

இவ்வூர்தியின் பிறப்பே அருமையோடு தொடர்புடையது. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் கருத்தில் உருவான இது, 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. போர் முடிந்த அக்காலத்தில் இங்கிலாந்தில் எஃகு அரிதாயிருந்தது. பங்கீட்டு முறையிலேயே கிடைத்தது. ஆகவே மேற்கூட்டை அலுமினியக் கலவையால் அமைத்தனர். அடிச்சட்டம் எஃகாயினும், மேற்கூடு இரும்பைப்போல் துருவேறாது. உழவர்க்கென எளிமையாகச் செய்யப்பட்ட அது, தட்டி நிமிர்த்தவும் கழற்றி மாட்டவும் ஏற்றதாய் அமைந்தது. ஒரு பொருள் அரிதாயிருந்த நெருக்கடியில், பலருக்கும் எளிதாய்ப் பயன்படும் ஊர்தி பிறந்தது. இது இயற்கையாக வந்த அருமை.

பின்னர் வந்தது வேறுவகை அருமை. அவ்வழியில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்திகள் செய்யப்பட்டபின், 2016 சனவரி 29-ஆம் நாள் சாலிஹல் ஆலையில் பழைய வடிவ டிபெண்டரின் உற்பத்தி நின்றது. 2018-இல், எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி, எட்டு உருளை விசைப்பொறி பொருத்திய சிறப்பு டிபெண்டர்களை அந்நிறுவனம் அறிவித்தது. எண்ணிக்கை 150 மட்டுமே. ஆற்றல் ஏறத்தாழ 400 குதிரைத்திறன். விலையோ 1,50,000 பவுனிலிருந்து தொடங்கிற்று. இங்கே பொருள் இல்லாமையால் எண்ணிக்கை குறையவில்லை, விருப்பத்தால் குறைக்கப்பட்டது. இது செய்து வைத்த அருமை.

இரு கட்சிகள்

விரைவூர்தி ஆர்வலர் கூடுமிடத்தில் வழக்கமாக எழும் வாதம் ஒன்றுண்டு. கோலாலம்பூரிலிருந்து வந்த ஆர்வலர் ஒருவர், திரிங்காப்பில் ஒரு பட்டறை வாயிலில் நிற்கும் பழைய லேண்ட் ரோவரைக் காண்கிறார் எனக் கொள்வோம். முகப்பைத் திறந்து பார்க்கிறார். உள்ளே ஜப்பானிய டீசல் விசைப்பொறி. "ஐயா, அசல் இயந்திரத்தை எங்கே போட்டீர்கள்? அது இருந்திருந்தால் இதன் மதிப்பே வேறு" என்று வருந்துகிறார். உடைமையாளரான முதியவர், "தம்பி, அசல் மேடு ஏறவில்லை, இது ஏறுகிறது" என்று சொல்லிக் கூடையை ஏற்றுகிறார்.

முதல் கட்சியினர், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவே மெய் வடிவம் என்பர். ஒரு திருகாணி மாறினாலும் வரலாறு குன்றும் என்பது அவர் கொள்கை. இரண்டாம் கட்சியினர், இயந்திரம் மேம்படவே படைக்கப்பட்டது என்பர். 1993-இல் வெளிவந்த புரோட்டோன் வீரா, மிட்சுபிஷி லேன்சரின் வழிவந்தது. ஆகவே அதில் லேன்சர் எவலூஷனின் விசைப்பொறியைப் பொருத்தி மகிழ்வோர் நம் நாட்டில் பலர். ஜப்பானில் கழிக்கப்பட்டுப் பாதியாக வெட்டி இறக்குமதியாகும் ஊர்திகளின் முன்பாதியை 'ஹாப்கட்' என்று பட்டறைகளில் வழங்குவர். அவற்றைத் தேடி அலைவதும் இவர்க்கு இன்பமே. வெளிநாட்டு ஊர்தி 'ஏ.பி.' என்னும் உரிமத்தாலும் உயர்ந்த வரியாலும் எட்டாக் கனியான நாட்டில், உள்நாட்டு ஊர்திக்குள் வெளிநாட்டு உயிரைப் புகுத்தும் வேட்கை எழுவது வியப்பன்று.

எது அந்தத் தேர்?

இவ்வழக்கு புதியதன்று. கிரேக்க அரசன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், வந்த தேரைக் காட்டி, அதன் அச்சு தேராகுமா, சக்கரம் தேராகுமா, நுகம் தேராகுமா என்று வினவியதாக மிலிந்த பஞ்ஞா கூறும். தனித்தனி உறுப்பு எதுவும் தேரன்று. உறுப்புகள் சேர்ந்து நிற்கும் நிலைக்கே தேரென்று பெயர் என்பது அவர் காட்டிய தெளிவு. ஆங்கில அறிஞர் தாமஸ் ஹாப்ஸ், தீசியசின் கப்பலைக் கொண்டு இச்சிக்கலை மேலும் இறுக்கினார். பழுதான பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக் கப்பலைச் செப்பனிட, கழித்த பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து மற்றொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியசின் கப்பல்?

திரிங்காப் முதியவர் கழித்த பழைய விசைப்பொறியையும் கதவையும் விளக்கையும் ஆர்வலர் விலைக்கு வாங்கிச் சென்று, அசலான லேண்ட் ரோவர் ஒன்றைக் கட்டி எழுப்பினால், ஹாப்சின் வினா அப்படியே உயிர்பெறும். பொருளைக் கேட்டால் ஆர்வலர் கையிலிருப்பதே அசல். தொழிலைக் கேட்டால், விடாது கூடை சுமந்து வந்ததே அசல்.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. 2018-இன் சிறப்பு ஊர்திகள் 150-உம் புதிதாகப் பிறந்தவை அல்ல. 2012-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட பழைய டிபெண்டர்களை எடுத்து, விசைப்பொறி மாற்றிச் செய்தவையே. அசல் இயந்திரத்தை அகற்றி வேறொன்றைப் பொருத்துதல் என்னும் செயலில் நிறுவனமும் திரிங்காப் பட்டறையும் ஒன்றே. ஒன்று சிறப்பெனப் போற்றப்படுகிறது. மற்றொன்று சிதைவென இகழப்படுகிறது. செயல் ஒன்றாயிருக்க மதிப்பு வேறாகுமாயின், ஆர்வலர் அளந்தது அசல்தன்மையை அன்று. செய்தவர் பெயரையும் எண்ணிக்கையின் குறைவையுமே அளந்தனர் என்பது வெளிப்படை. செய்து வைத்த அருமையின் தன்மை இதுதான். பிறரிடம் இல்லை என்பதே அதன் இன்பம். பிறரும் பெற்றுவிட்டால் அவ்வின்பம் அழியும். பிறர் பெறாமையில் தங்கி நிற்கும் இன்பத்தை அறநூலோர் உயர்ந்த இன்பமெனக் கொள்ளார். திருக்குறளின் 101-ஆம் அதிகாரம் 'நன்றியில் செல்வம்' எனப் பெயர் பெற்றது. தானும் துய்க்காமல், பிறர்க்கும் ஈயாமல் கிடக்கும் செல்வத்தையே அது பழிக்கிறது. ஓடாமல் கண்ணாடி அறையில் உறையும் ஊர்தியும் அவ்வினத்தைச் சேரும்.

மறுப்பும் விடையும்

அங்ஙனமாயின் பழையதைப் பேணுதல் வீணோ? அன்று. 'ஹியூ 166' என்னும் எண்ணுடைய, முன்மாதிரியாகச் செய்யப்பட்ட முதல் லேண்ட் ரோவர் பேணப்பட்டமையால்தான், எஃகு இல்லாக் காலத்தில் மனித அறிவு எவ்வாறு வழிகண்டது என்பதைப் பின்னோர் கண்ணாற் காண முடிகிறது. கற்பிக்கும் பொருளும் பயன்படும் பொருளே. பூட்டி வைத்து விலையேற்றத்துக்குக் காத்திருப்பதற்கும், திறந்து வைத்துப் பிறர்க்குக் காட்டுவதற்கும் வேறுபாடு பெரிது.

மேம்படுத்துவோரும் தம் செயலை ஆராய வேண்டும். விசையைக் கூட்டி நிறுத்தியைப் பழைய நிலையிலேயே விடுபவர், மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும் எதிர்வரும் அயலானின் உயிரைப் பணயம் வைக்கின்றனர். இங்குத் திருவாரூர் ஆழித்தேர் ஒரு பாடம் புகட்டும். பழைய தேர் தீக்கிரையானபின் புதிதாகச் செய்யப்பட்ட அத்தேர், 1948-க்குப்பின் நெடுங்காலம் ஓடாது நின்று, 1970-இல் மீண்டும் ஓடிற்று. அப்போது திருச்சி பெல் நிறுவனத்தார் நீரழுத்த நிறுத்தியைப் பொருத்தித் தந்தனர். இரும்பும் பொறியும் புகுந்தமையால் அது ஆழித்தேர் அல்லாமற் போயிற்று என்று வடம் பிடித்தோர் எவரும் கருதவில்லை. அன்று விசையைக் கூட்டும் பொறி எதுவும் தேரில் புகவில்லை; அதைக் கட்டுக்குள் வைக்கும் கருவியே புகுந்தது. தேரைச் சூழ்ந்து வரும் மக்களைக் கருதிச் செய்த மாற்றம் அது. மாற்றம் முறையானதா என்பதை அறிய இதுவே உரைகல்: மாற்றியவனுக்கு மட்டும் இன்பமா, சூழ்ந்து நிற்போர்க்கும் நன்மையா?

திரிங்காப் முதியவர்க்கும் இவ்வுரைகல் பொருந்தும். ஆர்வலர் பெருந்தொகை தருவாராயின், ஊர்தியை விற்று அப்பணத்தில் பாதுகாப்பான புதிய ஊர்தி வாங்குவது பழியன்று. ஓட்டை நிறுத்தியோடு மேட்டில் ஏறுவதே பழி. ஆனால் தம் ஊர்திக்கு மதிப்பு அன்றுதான் பிறந்தது என்று அவர் மயங்கலாகாது. பயிரை அழுகாமல் சந்தை சேர்த்து, ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்குச் சோறும் புத்தகமும் தந்த நாள்தொறும் அதற்கு மதிப்பு இருந்தது. விலை மட்டுமே பின்னர் வந்தது.

மொழிக்கும் பள்ளிக்கும்

ஊர்தியைப் பற்றிய இவ்வழக்கு தமிழாசிரியர்க்கு அயலானதன்று. மொழியிலும் அதே இரு கட்சிகள் உள. பழைய வடிவைத் தொடாமல் காப்பதே மொழிப்பற்று என்பார் ஒருசாரார். கிடைத்ததையெல்லாம் பொருத்தி ஓட்டுவதே வளர்ச்சி என்பார் மற்றொரு சாரார். நன்னூல் கற்றார்க்குப் பழையது நீங்கிப் புதியது சேர்தல் குற்றமாகத் தோன்றாது. அதே நன்னூல் வரம்பின்றி ஓடவும் விடாது. சொல் புதிதாகலாம், இலக்கணமாகிய நிறுத்தி பழுதாகலாகாது.

தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளையும் அருமை என்னும் பெயரால் தவறாக அளப்பதுண்டு. முதல் வரிசை மதிப்பெண் பெறும் சிலரைச் சிறப்புப் பதிப்புகளாகக் காட்சிக்கு வைத்து, மேடேறும் எஞ்சிய பலரை மறந்துவிடும் பள்ளி, 150 ஊர்திகளைப் போற்றி இருபது இலட்சத்தை மறந்த ஆர்வலரையே ஒக்கும்.

அதியமான் பெற்ற நெல்லிக்கனி அரிதினும் அரிது. உண்டாரை நெடுநாள் வாழ்விப்பதாகக் கருதப்பட்ட அக்கனியை அவன் பூட்டி வைக்கவில்லை, தானும் உண்ணவில்லை, ஒளவைக்கு ஈந்தான். கனியின் அருமையை மலை தந்தது. அதன் மேன்மையைக் கொடுத்த கை தந்தது. அருமை என்னும் சொல்லின் இருபொருளும் ஒன்றாகும் இடம் அதுவே. நாளை விடியலில் திரிங்காப்பின் பனிமூடிய சரிவில் கூடைகளோடு ஏறும் பழைய ஊர்தியும், அவ்வொரு பொருளையே தன்னளவில் உணர்த்திச் செல்லும்.