துப்பாக்கியின் இலக்கமும் மனிதனின் இலக்கமும்

பழைய போர்த் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் 'அசல்' என்னும் சொல்லை எப்பொருளில் வழங்குகின்றனர்? ஜேர்மன் இராணுவம் 1935இல் ஏற்றுக்கொண்ட மவுசர் 98கே துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய உறுப்புகள் முதல் சிற்றுறுப்புகள் வரை பொறிக்கப்பட்ட இலக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் விலை பன்மடங்கு உயரும். சோவியத் படையினர் கைப்பற்றி, போரின் பின் கழற்றி, கலந்த உறுப்புகளைக்கொண்டு மீளப் பூட்டியவை மலிவானவை. திருத்தப்படாததே உயர்ந்ததாம்! (பொய்யிலக்கம் பொறித்து விற்போரும் உளர், அது வெறும் மோசடி, விவாதத்துக்குரியதன்று.)

துப்பாக்கியின் மேற்புறத்தில் 'பிசிடி' என்ற குறியீடு இருப்பின், அது வைமார் நகரத்துக் குஸ்ற்லோவ் நிறுவனத்தின் முத்திரை என்று சேகரிப்பாளர் உடனே கூறிவிடுவார். அந்நிறுவனம் 1943இல் புகென்வால்ட் வதைமுகாமின் அருகே ஒரு தொழிற்சாலையைத் திறந்து, துப்பாக்கி வேலையிற் கைதிகளைக் கட்டாயப்படுத்தி ஈடுபடுத்தியது. 1944 ஓகஸ்ட் 24இல் அமெரிக்க விமானங்கள் அதன்மீது குண்டு வீசியபோது நூற்றுக்கணக்கான கைதிகள் மாண்டனர். அவர்களுக்கும் இலக்கம் இருந்தது. அது சட்டையிலே தைக்கப்பட்டிருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி தேடுவது அவ்விலக்கத்தை அன்று.

துப்பாக்கியை உடைத்தெறிய வேண்டுமென நாம் கூறவில்லை. ஒரு பொருளின் வரலாறே அதன் பெறுமதி என வாதிடுவோர், விலைச்சீட்டிலே தொழிற்சாலையின் பெயரை எழுதும்போது, அங்கே வேலை செய்தவர்கள் யாவர் என்பதையும் எழுதட்டும்.