பழுது பார்த்த யந்திரத்தில் எஞ்சுவது எது?

ஒரு வஸ்துவின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, ஆதியில் இருந்த உறுப்பு ஒன்றுகூட மிஞ்சாத நிலை வந்தபின், அதை அதே வஸ்து என்று நாம் சொல்வது சத்தியந்தானா, அல்லது பழக்கத்தினால் வரும் உபசார வார்த்தையா என்னும் கேள்வி மிகப் பழையது. தீசியஸ் என்னும் வீரனுடைய கப்பலை, உளுத்த பலகைகளுக்குப் பதில் புதுப் பலகைகளைப் பொருத்தி ஆதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் காத்துவந்ததையும், அது அதே கப்பல்தானா என்று தத்துவ ஞானிகள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடியதையும் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். இந்த விசாரணைக்குக் கப்பலைவிட அடக்கமான ஒரு பொருளே எனக்குப் போதும்: ஒரு காலத்தில் அமெரிக்க வீடுகளில் புழங்கி, இப்போது பழைய சாமான் கடைகளில் வந்து கிடக்கிற, நீண்ட கைப்பிடியும் துணிப் பையுமாக நிமிர்ந்து நிற்கும் ஹூவர் வாக்குவம் கிளீனர்.

அது தோன்றிய விதம் விஷயத்துக்குப் புறம்பானதல்ல. ஓஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் ஒரு பெரிய கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்துவந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் என்பவர் ஆஸ்துமாவினால் துன்புற்றவர். கம்பளங்களைப் பெருக்கும்போது கிளம்பிய தூசி அவருடைய மூச்சை அடைத்தது. ஆகவே 1907-இல், மின்விசிறியின் மோட்டாரையும் சோப்புப் பெட்டியையும் துடைப்பக் கம்பையும் தலையணை உறையையும் சேர்த்து, தூசியை வெளியே பரவவிடாமல் உள்ளே இழுத்துப் பையில் அடைக்கும் கருவி ஒன்றைத் தம் கையாலேயே கட்டினார். 1908 ஜூன் மாதம் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தோல் சாமான் வியாபாரியான வில்லியம் ஹூவர் அவ்வுரிமையை வாங்கித் தம் ஆலையில் அதை உற்பத்தி செய்தார். ஒரு மனிதனுடைய சரீர துக்கமே அந்த யந்திரத்துக்கு ஆதி காரணம் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இனி, அத்தகைய பழைய யந்திரம் ஒன்றைப் பழுது பார்க்கிறவனுடைய மேஜைக்கு வருவோம். ரப்பர் உறை பொடிந்து உதிர்கிற மின்கம்பியோடு அதை ஓட்டிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்தாகையால், அவன் முதலில் அதைக் களைந்துவிட்டுப் புதுக் கம்பி போடுகிறான். மோட்டாரின் அச்சிலிருந்து பிரஷ் உருளைக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பெல்ட் தளர்ந்து, கம்பளத்தில் வைத்தவுடன் உருளை நின்றுபோகும், அதையும் மாற்றுகிறான். தேய்ந்த கார்பன்கள் போகின்றன. அவை தீப்பொறி பறக்க உரசிக் கறுக்கச் செய்த கம்யூட்டேட்டரின் தாமிரத்தை மெல்லிய மணல் காகிதத்தால் தேய்க்கிறான். எமரித் துணியின் துகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியதாகையால் அதைத் தொடமாட்டான். கல்லாய் இறுகிய கிரீஸை வழித்துப் பேரிங்குகளைக் கழுவுகிறான், கழுவியும் இரைச்சல் அடங்காதவற்றை எறிகிறான். உள்ளிழுத்த அழுக்கெல்லாம் விசிறியின் ஊடாகவே பைக்குப் போகும்படி அமைந்த யந்திரம் அது. கம்பளத்தில் கிடந்த நாணயமோ கொண்டை ஊசியோ விசிறியின் இறக்கையைச் சிதைத்திருந்தால், சமநிலை கெட்ட அந்த விசிறி புதுப் பேரிங்குகளையும் விரைவில் கெடுத்துவிடும். ஆதலால் அதுவும் மாறுகிறது. துணிப் பையோ முன்னமே யாராலோ மாற்றப்பட்டது. வேலை முடிந்து விசையைப் போட்டதும் யந்திரம் முழங்கும்போது, "பழைய ஹூவர் ஓடுகிறது" என்று அவன் சந்தோஷத்தோடு சொல்கிறான். எது ஓடுகிறது?

மிலிந்த அரசனுக்கு நாகசேனர் தேரை உதாரணம் காட்டி உபதேசித்த பௌத்த மார்க்கத்தின்படி, அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் அல்ல. அவற்றின் கூட்டத்துக்கு வியவகாரத்துக்காக இட்ட பெயரே தேர். நியாய வைசேஷிகர்கள் இதை ஒப்பவில்லை. அவயவங்களில் சமவாய சம்பந்தத்தால் நிலைபெறும் அவயவி என்ற முழுப்பொருள் மெய்யாகவே உண்டு என்பது அவர்கள் சித்தாந்தம். ஆனால் அந்த முழுமைக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது: ஒரு நூலை உருவினால்கூடப் பழைய துணி நாசமாகி வேறொரு துணி உற்பத்தியாகிறது என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியானால் பெல்ட்டை மாற்றிய கணத்திலேயே பழைய ஹூவர் மாய்ந்துவிட்டது. பௌத்தரைக் கேட்டால் அது முதலிலிருந்தே இல்லை. நையாயிகரைக் கேட்டால் இருந்தது, இப்போது இல்லை. பழுது பார்த்தவனுடைய சந்தோஷத்துக்கு இரு சாஸ்திரங்களிலும் இடமில்லாமற் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உறுப்புகளின் குவியலிலும் உறுப்புகளை ஆளும் முழுமையிலும் தேடியது போதும்; ஸ்பாங்ளருடைய மூச்சுத் திணறலிலிருந்து பிறந்த பிரயோஜனத்தில் தேடிப் பார்ப்போம் என்கிறேன். 1926-இல் அதே நிறுவனத்தார் பிரஷ் உருளையில் உலோகத் தண்டுகளைச் சேர்த்து, காற்றின் இழுப்பில் மேலெழும்பும் கம்பளத்தை அவை தட்டி ஆழத்து மணலை உதிர்க்கும்படி செய்தார்கள். ஸ்வரூபம் மாறிற்று, எந்தத் துக்கத்தை நீக்க அது உண்டாயிற்றோ அந்த நோக்கம் மாறவில்லை. பழுது பார்க்கிறவன் ஒவ்வொரு உறுப்பையும் தேர்ந்தெடுப்பது அந்த நோக்கத்துக்குக் கீழ்ப்படிந்தே அல்லவா? பெல்ட்டுக்குப் பதில் சரிகைக் கயிற்றை மாட்டி அவன் அதை அலங்கரிக்கவில்லை. ஆகவே அந்த யந்திரத்தின் ஒருமை என்பது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சந்ததியாக வந்த ஒரு சங்கற்பம்.

ஹாப்ஸ் என்ற ஆங்கில ஞானி தீசியஸின் கப்பல் கதையை இன்னும் சிக்கலாக்கினார்: கழித்த பலகைகளையெல்லாம் ஒருவன் சேகரித்து, முன்போலவே அடுக்கி வேறொரு கப்பல் கட்டினால், எது தீசியஸின் கப்பல்? அவ்வாறே, கழித்த பெல்ட்டையும் கார்பனையும் உடைந்த விசிறியையும் ஒருவன் பெட்டியிலிருந்து எடுத்துப் பழையபடி பொருத்திக் கண்ணாடிக்குள் வைத்தால், ஆதி யந்திரம் அதுவா, கம்பளத்தின்மேல் ஓடுவதா? ஓடுவதே என்று தயங்காமல் சொல்வேன். கண்ணாடிக்குள் இருப்பது அதன் அஸ்தி. அஸ்திக்கும் மரியாதை உண்டு, ஆனால் அந்த மரியாதை வேறு வகையானது.

இந்த விடையை மனிதனுக்கும் பொருத்தலாமா என்பதில்தான் எனக்குப் பெரும் தயக்கம். நம் சரீரமும் ஓயாமல் மாறுகிறது. நம் ஒருமையும் ஈசுவரனுடைய சங்கற்பத்தில்தான் இருக்கிறது என்று பக்தர் ஒருவர் சொல்லக்கூடும், எனக்கும் அது பிரியமான எண்ணமே. ஆயினும் ஹூவரின் ஒருமையை ஹூவர் அறியாது. பழுது பார்க்கிறவன்தான் அறிகிறான். கண்ணால் கண்ட பொருளையே இப்போது கையால் தொடுகிறேன் என்று நாமோ உள்ளிருந்தே உணர்கிறோம். நியாய சூத்திரம் ஆன்மாவை நிலைநாட்டத் தொடங்குமிடமும் இதுவே. நாகசேனருடைய தேருக்குப் பெயரிட வெளியே அரசன் ஒருவன் நிற்கிறான். அந்த அரசனையும் உறுப்புகளாகப் பிரித்துவிட்டால், இது வெறும் பெயர் என்று கண்டுகொள்வது யார் என்ற இடத்தில் அந்த உதாரணம் எனக்குத் துணைவர மறுக்கிறது.