வறுமை வாங்கும் சம்மதம்

சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தவர் வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரமாவது டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும் என்பது பொதுவான வைத்திய நியதியாக இருக்க, நம் தேசத்தில் பணமில்லாத காரணத்தால் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர் பலர். அவர்களுள் சிலர் ஒரு நாள், "இனிமேல் வேண்டாம், வீட்டுக்கே போய்விடுகிறேன்" என்று தாமாகவே சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லைச் சுயேச்சையான தீர்மானமாகக் கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது தர்மமாகுமா?

சிகிச்சையை மறுக்கும் உரிமை மனிதனுக்கு உண்டு. முதுமையாலும் வேறு பல வியாதிகளாலும் நைந்துபோன ஒருவர், ஊசியும் குழாயும் போதுமென்று சாந்தமாக முடிவுசெய்தால், அவரை வற்புறுத்துவது வதையே ஆகும். ஆயினும் பணம் பேசும்போது வாய் மட்டுமே நோயாளியுடையது.

மாவட்ட மருத்துவமனைகளில் வறியவருக்கு இலவச டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டம் 2016-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இச்செலவை ஏற்கிறது. இவை பெரும் புண்ணியங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இயந்திரம் இலவசமாயிற்றே தவிர, அது இருக்கும் இடத்துக்குப் போய்வரும் பிரயாணம் இலவசமாகவில்லை. டயாலிசிஸுக்கென்று தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைத்த கையால் பாரம் தூக்கலாகாது என்பதால், மூட்டை சுமந்து ஜீவித்தவருக்கு அன்றே பிழைப்பு போய்விடுகிறது. நான்கு மணி நேரம் கழித்துத் தலைசுற்றலோடு எழுபவரைப் பேருந்தில் ஏற்றி இறக்க மனைவியோ மகனோ உடன்வர, வாரத்தில் மூன்று நாள் அவர்கள் கூலியும் போய்விடுகிறது. ஒரு முறை தவறினால் நீர் நுரையீரலில் கோத்துக்கொள்ள, படுக்கவும் முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறி, மிச்சம்பிடித்த பேருந்துக் கட்டணத்தைப்போலப் பன்மடங்கை அவசர சிகிச்சைக்குக் கொடுக்க நேர்கிறது. இவற்றினும் கொடியது மனோவியாகூலம்: மனைவியின் நகை அடகுக்குப் போவதையும் மகளின் படிப்பு நிற்பதையும் பார்த்துக்கொண்டிருப்பவர், தாம் உயிரோடிருப்பதையே குடும்பத்துக்குச் செய்யும் அபராதமாக எண்ணத் தொடங்குகிறார். அந்த எண்ணத்திலிருந்து பிறப்பதுதான் முன்சொன்ன 'வேண்டாம்'.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1962-இல் டயாலிசிஸ் நிலையம் தொடங்கியபோது, இயந்திரங்கள் குறைவாயிருந்தமையால், யாருக்கு அதை அளிப்பதென்று எழுவர் கொண்ட குழுவொன்று தொழில், வருமானம், குடும்பம் முதலியவற்றை எடைபோட்டுத் தீர்மானித்தது. மனிதரின் மதிப்பை மனிதர் நிறுப்பதா என்று கண்டனங்கள் எழுந்தன. 1972-இல் இயற்றிய சட்டத்தால் அந்நாடு பெரும்பாலான நோயாளிகளின் செலவைப் பொதுப்பணத்தில் ஏற்றது. நம்மிடையே அத்தகைய குழு ஏதுமில்லை என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. அந்தத் தீர்ப்பை நோயாளியே தம்மீது எழுதிக்கொள்ளும்படி விட்டிருக்கிறோம், அவ்வளவே.

பொதுப்பணம் அளவுக்குட்பட்டது, தேவைகளோ பல என்னும் ஆட்சேபம் நியாயமானதே. எனினும், விலையுயர்ந்த இயந்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, பேருந்துக் கட்டணமில்லாமல் நோயாளி வராத நாளில் அதைச் சும்மா நிறுத்திவைப்பது சிக்கனமாகாது. ஆதலால் பிரயாணச் செலவும், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியும் சிகிச்சைச் செலவின் கணக்கிலேயே சேர்க்கப்படவேண்டும். அவை கைக்குக் கிடைத்த பின்னரும் ஒருவர் 'வேண்டாம்' என்பாராயின், அப்போது கையெழுத்து வாங்கலாம்.